தலைதட்டாத உழக்கு

வியாழக்கிழமை காலையில் போன ரொட்டிக்கூடை அன்று மாலையே திரும்பி வந்தது. போன வாரமும் அப்படித்தான் வந்தது. அதற்கு முந்தின மூன்று வாரங்களும் அப்படித்தான்.

ஆஸ்பத்திரி வேன் டிரைவர் சகாயம் கூடையை இரண்டு கையாலும் இறக்கி மடத்துச் சமையல்கட்டு வாசலில் வைத்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“அக்கா, ஆஸ்பத்திரிக்குப் பின்னால மதில் இடிஞ்சு கெடக்குது. இது மாதிரி இன்னும் ஒரு எரநூறு கெடைக்குமான்னு கொத்தனார் கேக்கச் சொன்னார்.”

பவுனம்மாள் சிரிக்கவில்லை. கூடைக்குள் கைவிட்டு ஒரு ரொட்டியை எடுத்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு பல் பட்ட தடம்கூட இல்லை.

“யாரு வேண்டான்னது?”

“நர்சம்மா சொல்லிவிட்டாங்க. கனமா இருக்காம். வார்டுல யாராலயும் மெல்ல முடியலையாம். அடுத்த வாரமும் இப்படியே வந்தா, இனிமே அனுப்பவே வேண்டாம்னுட்டாங்க.”

“கனமா இருக்குன்னு எந்த ஊர்ல குறை சொல்லுவாங்க? வயித்துக்குப் போடறது கனமாத்தான் இருக்கணும்.”

“நான் வண்டி ஓட்டறவன்க்கா. சொன்னதைச் சொல்லிட்டேன்.”

வேன் போய்விட்டது. பவுனம்மாள் கையில் இருந்த ரொட்டியைக் கூடைக்குள் எறிந்தாள். அது மற்ற ரொட்டிகளின் மேல் விழுந்து, கல்லில் கல் விழுந்த சத்தம் எழுப்பியது. அவளுக்கே அது கேட்டது. கேட்காதது போல உள்ளே போனாள்.

அது மலையடிவாரத்தில் இருந்த ஒரு சின்ன மடம். பூசை குறைவு, அடுப்பு வேலை அதிகம். எல்லோரும் குரு என்று அழைத்தவருக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. துறவுக்கு வருமுன் ஒரு பேக்கரியில் பன்னிரண்டு வருஷம் அடுப்பின் முன்னால் நின்றவர். கோதுமையை மடத்து மெஷினிலேயே தவிடு நீக்காமல் அரைத்து, வாரத்துக்கு நாற்பது ரொட்டி சுட்டு, பக்கத்து ஊர் தர்ம ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்கே வாயில் புற்று வந்து, கரண்டு என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு வார்டு நிறைய இருந்தார்கள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் அடுப்புத் தகடு பட்டு அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோனது. மாவு அளந்து பிசையும் வேலையைப் பவுனம்மாளிடம் கொடுத்தார். பவுனம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. கீழத்தஞ்சைக்காரி. மடத்துக்கு வந்து மூன்று வருஷமாகியிருந்தது.

“ஒரு ரொட்டிக்கு ரெண்டு உழக்கு மாவு, முக்கால் உழக்குத் தண்ணி,” என்று மட்டும் சொன்னார். அந்தப் பித்தளை உழக்கை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை வாங்கிய விதத்தைப் பார்த்தவர்கள், ஏதோ பதவி கிடைத்தது போல வாங்கினாள் என்று பிறகு சொன்னார்கள்.

மாவை அள்ளி உழக்கில் போடுவாள். பலகையில் மூன்று தட்டுத் தட்டுவாள். மாவு இறங்கும். மறுபடி போட்டு உள்ளங்கையால் அழுத்துவாள். அதற்கு மேல் கும்பமாகக் குவித்து, ஓரத்தில் சரிந்து வழிகிற வரைக்கும் போடுவாள். வழிந்த பிறகுதான் அவளுக்கு அது ஓர் உழக்கு. தண்ணீர் போதாமல் மாவு கல்லாகத் திரளும். அவள் தோள்வரை வியர்க்க அதைப் பிசைந்து அடக்கிவிடுவாள். என் கைக்கு அடங்காத மாவு இல்லை என்பாள்.

ரொட்டி கனமாக இருக்கிறது என்று முதல் வாரம் சொல்லி அனுப்பினார்கள். நோயாளிகள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கொடுப்பது ஏன் இவ்வளவு என்று கேட்கிறவர்கள் எப்போதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள்தான். அவள் வாழ்க்கையில் அப்படித்தான் பார்த்திருந்தாள். அடுத்த வாரம் கும்பத்தின் மேல் இன்னும் ஒரு பிடி வைத்தாள். அதற்கடுத்த வாரம் அதற்கும் மேல்.

புதன்கிழமை மதியம் அவள் மாவு அளக்க உட்கார்ந்தபோது தணிகாசலம் வந்தார். மடத்தில் இருந்த இன்னொரு சீடர் அவர். ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார், அளந்த பிறகும் பாதிதான் நம்புவார். ஒரு கையில் எலக்ட்ரானிக் தராசு வைத்திருந்தார், இன்னொரு கையில் மர ஸ்கேல்.

“பவுனம்மா, கோவிச்சுக்காதீங்க. தப்பு எங்கேன்னு பாத்துடுவோம்.”

“தப்பு ஆஸ்பத்திரியில இருக்கு. அங்கே போய்ப் பாருங்க லேபுக்காரரே.”

அவர் கீழே உட்கார்ந்தார். அகப்பையால் மாவைக் கிளறி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அழுத்தாமல் உழக்கில் உதிர்த்தார். உழக்கு நிறைந்து மேலே லேசாகக் குவிந்தது. ஸ்கேலை உழக்கின் விளிம்பில் படுக்கவைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். குவிந்திருந்த மாவு மாவுப் பீப்பாய்க்குள்ளேயே விழுந்தது.

பவுனம்மாள் எட்டி அந்த ஸ்கேலைப் பிடுங்கினாள். முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்தாள்.

தணிகாசலம் ஸ்கேலின் இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் கோபம் வந்தது.

“என்னம்மா இது? புத்தி கெட்டுப்போச்சா?”

“அந்த வேலையை என் முன்னால செய்யாதீங்க.”

“எந்த வேலை?”

“தலைதட்டற வேலை.”

“இது மாவும்மா. தலைதட்டினாத்தான் அளவு. இல்லேன்னா ஆளுக்கு ஒரு அளவு.”

“எங்களுக்கும் அப்படித்தான் சொன்னான்.”

“யார் சொன்னது?”

கேட்டது தணிகாசலம் இல்லை. குரு வாசலில் நின்றிருந்தார். வெந்த கையில் துணி சுற்றியிருந்தது.

“பண்ணை ஏஜெண்டு,” என்றாள் பவுனம்மாள். “பேரு வேண்டாம் சாமி. சொன்னா வாய் கசக்கும்.”

“பேர் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க பவுனக்கா.”

“என்னத்தைச் சொல்ல? கதிர் அறுத்துக் களத்துல அடிச்சுத் தூத்திக் குடுப்போம். சாயங்காலம் கூலி நெல்லு அளப்பான். மரக்காலைப் பிடிக்கிறப்பவே கட்டைவிரல் உள்ளே இருக்கும். தலைதட்ட ஒரு கோல் வெச்சிருந்தான். அது நேர்க்கோல் இல்லை, வளைஞ்ச கோல். இழுத்தான்னா மரக்கால் நடுவுல குழி விழும். அந்தக் குழியில இருந்த நெல்லு பூரா அவங்க குவியல்ல போய் விழும். நாங்க முந்தானையை விரிச்சுக்கிட்டு நிப்போம்.”

அவள் குரல் உயரவில்லை. பேசும்போதே உழக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒருநாள் எங்கம்மா கேட்டுச்சு. ‘அய்யா, வீட்ல அஞ்சு வாய். இன்னிக்கு ஒரு நாள் கும்பமா அளங்க அய்யா’ன்னுச்சு. அவ்வளவுதான் கேட்டுச்சு. அளந்து வெச்சிருந்த மரக்காலைத் தூக்கிக் குவியல்லயே திருப்பிக் கொட்டினான். ‘அடுத்த ஆள் வா’ன்னான். அன்னிக்கு நாங்க வெறும் முந்தானையோட வீட்டுக்குப் போனோம். அம்மா ஒரு வார்த்தை பேசல. நான் பேசிக்கிட்டே இருக்கேன் சாமி, நாப்பது வருஷமா. ராத்திரி பாத்திரம் கழுவுறப்ப அவனோடதான் பேசுறேன்.”

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார்.

“என் கைக்கு ஒரு அளவு வந்தா தலைதட்ட மாட்டேன்னு அன்னிக்கே வெச்சுக்கிட்டேன். இப்பத்தான் வந்துச்சு. இதைப் போய்த் தட்டுங்கறாரு லேபுக்காரரு.”

குரு கீழே உட்கார்ந்தார்.

“தராசைப் போடுங்க,” என்றார் தணிகாசலத்திடம். “ரெண்டையும் நிறுத்துப் பாப்போம்.”

தணிகாசலம் உழக்கில் மாவை உதிர்த்தார். இந்த முறை விரலால் மெல்ல வழித்துவிட்டு, மாவைத் தட்டில் கொட்டினார். தராசு நூற்று எழுபத்திரண்டு கிராம் காட்டியது. பவுனம்மாள் தன் வழக்கப்படி மூன்று தட்டுத் தட்டி, அழுத்தி, கும்பம் வைத்துக் கொட்டினாள். இருநூற்று அறுபது.

“ஒரே உழக்கு,” என்றார் தணிகாசலம். “ஒண்ணரை மடங்கு மாவு. தண்ணி மட்டும் அதே முக்கால் உழக்கு. ரொட்டி கல்லாகாம வேற என்ன ஆகும்?”

“நான் யாருக்கும் குறைக்கல.”

“குறைச்சீங்கன்னு யாரும் சொல்லலையே. கூடிப்போச்சுங்கறோம்.”

“கூடிப்போச்சுன்னு சொல்றவன் எல்லாம் குடுக்கற பக்கம் நிக்கிறவன்தான்.”

“சரி, உழக்கே வேண்டாம். தராசுல நிறுத்துப் போடுங்க. தட்டவும் வேண்டாம், குவிக்கவும் வேண்டாம்.”

“தராசு மட்டும் தானா நிறுக்குதா? அதுக்குப் பின்னால எப்பவும் ஒரு கை இருக்கும். அதையும் பாத்தவதான் நான்.” அவள் குருவின் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க சாமி. தலைதட்டி அளன்னு உங்க வாயால சொல்லுங்க. அவன் குரலையே இன்னொரு தடவை கேட்டுக்கறேன்.”

குருவின் முகம் சிவந்தது. அவருக்குக் கோபம் வந்து பவுனம்மாள் பார்த்ததில்லை. தணிகாசலமும் பார்த்ததில்லை. வெந்த கையில் தளர்ந்திருந்த துணியை இறுக்கிக்கொண்டார்.

“ரெண்டு உழக்குன்னு சொன்னது நான்,” என்றார் கடைசியில். “எப்படிப்பட்ட உழக்குன்னு சொல்லாம விட்டதும் நான்தான். அந்தத் தப்பு என்னோடது. இந்த வாரமும் உங்க அளவுப்படியே சுடுங்க.”

“சாமி,” என்றார் தணிகாசலம். “அங்கே இருக்கிறவங்களுக்கு வாயெல்லாம் புண்ணு. இவங்க பிடிவாதத்துக்கு அவங்க வாயா பலி?”

“அஞ்சு வாரம் தொடாதவங்க ஆறாவது வாரமும் தொட மாட்டாங்க. கஞ்சி அவங்களுக்கு அங்கேயே உண்டு.” பிறகு பவுனம்மாளிடம் சொன்னார். “நாளைக்குக் கூடையோட நீங்களே போங்க. நீங்களே குடுங்க. கூடை காலியாச்சுன்னா உழக்கு உங்ககிட்டதான், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். திரும்பி வந்தா உழக்கு தணிகாசலத்துக்கு.”

“போறேன்,” என்றாள் அவள். “அந்த நர்சம்மாவை நேர்லயே கேக்கறேன்.”

மறுநாள் வேனில் சகாயத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் கேட்க வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனாள். உங்க வீட்டு மாவா? உங்க வீட்டு அடுப்பா? குடுக்கிறதை வாங்கிக் குடுக்க உங்களுக்கு ஏன் வலிக்குது? ஒவ்வொரு கேள்வியும் நன்றாகவே இருந்தது.

நர்ஸ் ஒரு குட்டையான பெண். கையில் ஊசித் தட்டு இருந்தது. பவுனம்மாள் வாயைத் திறக்குமுன், “மடத்துல இருந்தா? நீங்களே குடுத்துடுங்கம்மா, எனக்குக் கை ஒழியலை,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சண்டை போட வந்தவளுக்கு முன்னால் ஆளே இல்லை.

முதல் கட்டிலில் இருந்தவருக்குத் தாடையில் பாதி இல்லை. ரொட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பினார். வாங்கி, தலைமாட்டு அலமாரியைத் திறந்து உள்ளே வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு ரொட்டி இருந்தது. அதற்கு முந்தின வாரத்தது ஒன்று, பூசணம் பூத்து, அதன் கீழே இருந்தது.

“ஏன் திங்கலை?” என்று கேட்டாள்.

அவர் மறுபடியும் கையைக் கூப்பினார்.

அடுத்த கட்டிலில் ஓர் இளம்பெண் இருந்தாள். ஜெயக்கொடி என்று கட்டிலில் எழுதித் தொங்கவிட்டிருந்தது. கன்னமும் கழுத்தும் கரண்டு பட்டுக் கருத்திருந்தன. மடியில் ஒரு டம்ளர் பால் வைத்திருந்தாள்.

“நீயாவது தின்னு பாரு தாயி,” என்றாள் பவுனம்மாள். “ஒரு வாய். என் முன்னால.”

ஜெயக்கொடி ரொட்டியைப் பிய்க்கப் பார்த்தாள். வரவில்லை. பவுனம்மாளே பிய்த்துக் கொடுத்தாள். அந்தப் பெண் அதைப் பாலில் போட்டுக் காத்திருந்தாள். வெகுநேரம் காத்திருந்தாள். எடுத்தபோது மேல்தோல் மட்டும் ஊறியிருந்தது. உள்ளே காய்ந்த மண்ணாகவே இருந்தது. அதை வாயில் வைத்து ஒருமுறை கடித்தாள். கண்ணில் தண்ணீர் நிரம்பியது. துண்டில் துப்பினாள். துண்டில் பாலோடு ரத்தமும் இருந்தது.

“நீங்கதான் சுடறதா?” என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லையும் நாக்கால் தூக்கிவைப்பது போலப் பேசினாள்.

“ஆமா.”

“அஞ்சு வாரமா சொல்லி அனுப்பறேன்.”

“அது நர்சம்மா சொன்னது இல்லையா?”

“நான் சொன்னது. எழுதிக்கூடக் குடுத்தேன். முன்னால வந்த ரொட்டி பால்ல போட்டாக் கரையும். ரெண்டு துண்டு உள்ளே போனாத்தான் எனக்கு மாத்திரை தங்கும், இல்லேன்னா வாந்தி. சின்னதா, லேசா அனுப்புங்கன்னேன். நீங்க வாராவாரம் பெருசாக்கறீங்க. நான் உங்களுக்கு என்ன பண்ணேன்?”

“கும்பமா அளந்து போட்டேன் தாயி. யாருக்கும் ஒரு பிடி குறைக்கலை.”

“உங்க கும்பத்தை நீங்களே வெச்சுக்கோங்க,” என்றாள் ஜெயக்கொடி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மூன்றாவது கட்டிலுக்குப் பவுனம்மாள் போகவில்லை.

சாயங்காலம் வேன் மடத்து வாசலில் நின்றது. சகாயம் இறங்கி வருமுன் அவளே கூடையைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்குள் போனாள். குரு இடது கையால் மாவு சலித்துக்கொண்டிருந்தார். தணிகாசலம் சல்லடையின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூடையை அவர்கள் முன்னால் தரையில் போட்டாள். இரண்டு ரொட்டிகள் உருண்டோடிச் சுவரில் மோதி நின்றன.

உழக்கை எடுத்துத் தணிகாசலத்தின் பக்கம் தள்ளினாள்.

“வெச்சுக்கோங்க.”

“எனக்கு வேண்டாம்,” என்றார் தணிகாசலம். “நேத்து என்னைக் கொண்டுபோய் அந்த ஏஜெண்டோட நிறுத்தினீங்க. இதை வாங்கினா நான் அவனேதான்னு ஆயிடும். ஸ்கேலும் போச்சு, பேரும் போச்சு.”

“நீங்க அவன் இல்லை. அது எனக்குத் தெரியும். விடுங்க.”

“தெரிஞ்சா நேத்தே சொல்லியிருக்கலாம்.”

குரு சல்லடையைக் கீழே வைத்தார்.

“என்ன ஆச்சு பவுனக்கா?”

அவள் சொன்னாள். கூப்பிய கைகளைச் சொன்னாள். அலமாரியைச் சொன்னாள். பாலைச் சொன்னாள், துண்டைச் சொன்னாள், ஜெயக்கொடி கேட்டதைச் சொன்னாள். சொல்லச் சொல்லக் கோபம் அதிகமானது. யார் மேல் என்று அவளுக்கே பிடிபடவில்லை.

“அடுத்த வாரம் எப்படி அளக்கப் போறீங்க?” என்று கேட்டார் குரு.

“அளக்க மாட்டேன். என் கை தலைதட்டாது சாமி. வெட்டிப் போட்டாலும் தட்டாது.”

“தராசு?”

“அதுவும் வேண்டாம். நூத்தி எழுபத்திரெண்டுன்னு நிறுத்தறதும் தட்டறதும் ஒண்ணுதான். தட்டினா நான் அவனாயிடுவேன். தட்டாம விட்டா அந்தப் பொண்ணு வாயில ரத்தம். நான் என்னதான் செய்யறது, சொல்லுங்க. எல்லாம் தெரிஞ்சவர்தானே நீங்க. சொல்லுங்க.”

 உருண்டு போயிருந்த இரண்டு ரொட்டிகளையும் குரு எழுந்துபோய் எடுத்துக் கூடையில் வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அவன் அவ்வளவு வருஷம் அளந்தான்,” என்றார். “கட்டைவிரலை விட்டான், கோலை வளைச்சான். அதுல எதை உங்களால இன்னும் பொறுக்க முடியலை?”

“அதையெல்லாம் பொறுத்துட்டோம் சாமி. பொறுத்துத்தானே பொழைச்சோம். எங்கம்மா வாயைத் திறந்து கேட்டுச்சு பாருங்க. இன்னது வேணும்னு ஒரு தடவை கேட்டுச்சு. அதைக் காதுல வாங்காம மரக்காலைத் திருப்பிக் கொட்டினான். அதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும்...”



குரு உழக்கை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த மாவைத் துணியால் துடைத்தார். அதை மறுபடியும் பவுனம்மாளின் முன்னால் வைத்தார்.

“உங்கம்மா ஒரு தடவை கேட்டாங்க,” என்றார். “ஜெயக்கொடி எத்தனை தடவை கேட்டா?”